வாடியில் இருமியவர் யார்?

காசநோய் என்று உறுதியானதும் நாங்கள் முதலில் கேட்பது, "உங்களோடு யார் யார் இருக்கிறார்கள்?" என்பதுதான். திருகோணமலையில் நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுக்கும் ஐயா ஒருவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமி என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னார். நால்வருக்கும் நோய் இல்லை. சீசனில் மாதக்கணக்காக வாடியில், அதாவது மீனவர்கள் தங்கும் கரையோரக் கொட்டிலில், ஏழு பேரோடு நெருக்கியடித்துப் படுப்பதை அவர் சொல்லவே இல்லை. மறைக்கவில்லை. 'உங்களோடு' என்றால் அவருக்கு வீடுதான்.

இப்படித் தப்பிப்போகும் தொடர்புகளைக் கிருமியின் டி.என்.ஏ. காட்டிக்கொடுக்கும். சான் பிரான்சிஸ்கோவில் நோயாளிகளின் கிருமிகளை டி.என்.ஏ. வழியே ஒப்பிட்டுச் செய்து 1994இல் வெளியான ஆய்வில், புதிய நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அண்மையில்தான் தொற்றியிருந்தது. வழக்கமான விசாரிப்பில் அகப்பட்ட தொடர்புகளோ மிகச் சொற்பம்.

காசநோய்க் கிருமியின் மரபுத்தொகுதியில், அதாவது அதன் முழு டி.என்.ஏ.வில், 44 இலட்சம் எழுத்துகள் உண்டு. அதில் ஓர் எழுத்து மாறச் சராசரியாக இரண்டு வருடம் செல்லும். ஆகவே இரண்டு பேரின் கிருமிகளுக்கிடையே வித்தியாசம் ஐந்து எழுத்துக்குள் இருந்தால், அண்மையில் ஒரே சங்கிலியில் தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம். பன்னிரண்டைத் தாண்டினால் அந்தச் சந்தேகத்தை விட்டுவிடலாம்.

எனக்கு இந்த இரண்டாவது விடைதான் பெரிது. ஊர் எப்போதும் யாரையாவது கைகாட்டும்: வெளியூரிலிருந்து வந்த கூலியாளை, புதிதாய் வந்த மருமகளை. உண்மையில், இடம்பெயர்ந்து முகாமில் கிடந்த காலத்தில் உள்ளே போன கிருமி இத்தனை வருடம் உறங்கிவிட்டு இப்போது எழும்பியிருக்கலாம். பழி சுமந்தவருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இராது.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். ஜீன்எக்ஸ்பேர்ட் இயந்திரம் இரண்டு மணித்தியாலத்துக்குள் நோய் உண்டா, காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் கேட்குமா என்று சொல்லும். யாரிடமிருந்து வந்தது என்று சொல்லாது. அதற்குப் பெரும்பாலும் கிருமியை வளர்த்தெடுக்க வேண்டும், வாரக்கணக்காகும்.

சரி, அந்த ஐயாவிடம் கேள்வியை மாற்றிக் கேட்டேன். "ராவில எங்க படுக்கிறீங்க?" அப்போதுதான் வாடி வந்தது, ஏழு பெயரும் வந்தன. அவர்களில் ஒரு தம்பி ஒரு மாதத்துக்கு மேலாக இருமலுக்குப் பாணி வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய சளியிலும் கிருமி இருந்தது. யார் யாருக்குக் கொடுத்தார் என்று நான் சொல்லவில்லை, கிருமிகளை ஒப்பிடாமல் சொல்லவும் கூடாது. இருவருக்கும் ஆறு மாத மருந்து, இலவசமாக. மிச்ச ஆறு பேரையும் அடுத்த திங்கட்கிழமை வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியே இரண்டு ஓட்டோவில் கிளினிக்குக்கு ஏற்றிவந்தார்.