கணக்கு வரவில்லையா, வாசிப்பு வரவில்லையா?

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனைக் ‘கணக்கில் மந்தம்’ என்று சொல்லி என்னிடம் அனுப்பினார்கள். அவன் கோட்டைவிட்டிருந்த வினாத்தாளையே எடுத்து ஒவ்வொரு கேள்வியாக வாசித்துக் காட்டினேன். பத்தில் எட்டுக்குச் சரியான விடை, அதுவும் மனக்கணக்காக! எழுத்துக்கூட்டி வாசிப்பதில்தான் அவனுக்குச் சிக்கல். கணக்குத் தேர்வு என்ற பெயரில் அத்தனை நாளும் அவனுக்கு வாசிப்புத் தேர்வுதான் நடந்திருக்கிறது.

சிறப்புக் கல்வியாளராக ஆசிரியர்களிடம் நான் முதலில் கேட்பது, “இன்றைய பாடத்தின் நோக்கம் என்ன?” என்றுதான். “ஒளிச்சேர்க்கை பற்றி ஒரு பக்கம் எழுதுவார்கள்” என்பார்கள். எழுதுவதா நோக்கம், ஒளிச்சேர்க்கை புரிவதா? புரிந்தால் போதுமென்றால் படம் வரைந்து அம்புக்குறி போட்டு விளக்கட்டும், வாயால் சொல்லட்டும், விரும்பினால் எழுதட்டும். பாடமே கட்டுரை எழுதுவதென்றால் எழுதித்தான் ஆகவேண்டும். அப்போது சொற்பட்டியலோ தொடக்க வரியோ கூடுதல் நேரமோ கொடுத்துக் கைதூக்கிவிடலாம்.

ஒரே நோக்கத்துக்குப் பல வழிகளைத் திறந்துவைக்கும் இந்தச் சிந்தனைக்கு ‘அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு’ என்று பெயர். இதன் வேர் கட்டடக் கலையில் இருக்கிறது. சிறுவயதில் போலியோ தாக்கிச் சக்கர நாற்காலியில் வாழ்ந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்ட் மேஸ், கட்டி முடித்தபின் சாய்தளத்தை ஒட்டவைக்காமல் வரைபடத்திலேயே எல்லோரையும் நினைக்கச் சொன்னார். 1984இல் தொடங்கிய ‘காஸ்ட்’ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வு அமைப்பு அதைக் கற்றலுக்குக் கொண்டுவந்தது. ஆர்வத்தைத் தூண்டவும், பாடத்தை முன்வைக்கவும், கற்றதை வெளிக்காட்டவும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் வேண்டும் என்பது அதன் சாரம்.

இதைக் கேட்டதும் சிலர், “இவன் கண்ணால் கற்பவன், அவள் காதால் கற்பவள்” என்று பிள்ளைகளுக்கு முத்திரை குத்தக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என 2008லேயே உளவியலாளர்கள் ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள். படமும் சொல்லும் எல்லோருக்குமே வேண்டும்.

“நாற்பது பிள்ளைக்கு நாற்பது பாடக்குறிப்பு எழுதவா?” என்று அலுத்துக்கொள்வதும் உண்டு. ஒரே பாடக்குறிப்பு போதும். நாளைக்கே செய்யக்கூடியது: வாயால் சொல்லும் வேலையைக் கரும்பலகையிலும் எழுதிப்போடுங்கள். காது கேளாத பிள்ளைக்கும், பாதியில் கவனம் சிதறிய பிள்ளைக்கும், அன்று தாமதமாக வந்த பிள்ளைக்கும் அது உதவும்.

அந்தப் பையனின் வகுப்பில் இப்போது கணக்கு வினாத்தாளை ஆசிரியரே ஒருமுறை உரக்க வாசித்துவிடுகிறார். என்னிடம் யாரும் அனுப்பாத மூன்று பிள்ளைகள், எப்போதும் வெறுமையாக விட்டுவிடும் வழிக்கணக்குகளை இப்போது போட்டுப் பார்க்கிறார்களாம்.