வலையோரத்தில் ஒரு கால் நொடி: வூகாஷ் குபோட்டும் இரட்டையர் டென்னிஸும்

2017 ஜூலை 15, விம்பிள்டன் சென்டர் கோர்ட். ஆண்கள் இரட்டையர் இறுதியாட்டம் ஐந்தாவது செட்டில் 11-11 என்று நிற்கிறது, வெளிச்சம் மங்கிவிட்டது, ஆட்டத்தை நிறுத்திவிட்டு மைதானத்தின் கூரையை மூடுகிறார்கள். ஒரு பக்கம் போலந்தின் வூகாஷ் குபோட்டும் பிரேசிலின் மார்செலோ மெலோவும். எதிர்ப்பக்கம் ஆஸ்திரியாவின் ஆலிவர் மாராக்கும் குரோஷியாவின் மாட்டே பாவிச்சும். இந்த மாராக் குபோட்டின் பழைய ஜோடி. 2009 ஆஸ்திரேலிய ஓபனில் இருவரும் சேர்ந்து அரையிறுதி வரை போனவர்கள். சர்வைத் திருப்பி அடிக்கும் ரிட்டர்னை எங்கே தள்ளுவான், நெருக்கடி வந்தால் எந்தப் பக்கம் அடிப்பான் என்பதெல்லாம் ஒருவருக்கு மற்றவரைப் பற்றி அத்துப்படி. கடைசியில் 5-7, 7-5, 7-6, 3-6, 13-11 என்று குபோட் - மெலோ ஜெயித்தார்கள். மொத்தம் 70 கேம்கள், 4 மணி 39 நிமிடம்.

இந்த குபோட் ஒற்றையர் தரவரிசையில் அதிகபட்சம் தொட்டது 41-ஆவது இடம், அதுவும் 2010-இல். இரட்டையரில் 2018 ஜனவரி 8 அன்று உலகின் முதல் இடம், அப்போது வயது 35. மட்டை அதே, பந்து அதே, மனிதரும் அவரேதான். அப்புறம் எப்படி இத்தனை வித்தியாசம் என்று யோசித்தால், இரட்டையர் என்பது ஆளைக் கூட்டி ஆடும் ஒற்றையர் இல்லை, அது நேரத்தைத் திருடும் இன்னொரு விளையாட்டு என்பது புரியும்.

(பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் பலரும் 'லூகாஸ்' என்று எழுதுகிறார்கள். போலிஷில் குறுக்குக்கோடு போட்ட அந்த முதல் எழுத்தின் ஒலி 'வ' மாதிரி இருக்கும். ஆகவே வூகாஷ். பிறந்தது 1982-இல், மண்பாண்டங்களுக்குப் பேர்போன பொலெஸ்வாவியெட்ஸ் ஊரில்.)

முதலில் தரைக்கணக்கு. கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர். ஒற்றையருக்கு அகலம் 8.23 மீட்டர், இரட்டையருக்கு 10.97. அகலம் கூடியிருப்பது போலத் தெரிந்தாலும் அதை இருவர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், தலைக்கு ஐந்தரை மீட்டர்கூட முழுதாக வரவில்லை. ஒற்றையரில் ஒரே ஆள் மூலைக்கு மூலை ஓடி ஓடிக் காப்பாற்ற வேண்டிய இடத்தில் இங்கே இரண்டு எட்டும் ஒரு நீட்டலும் போதும். முப்பத்தைந்து, நாற்பது வயதிலும் இரட்டையரில் உச்சத்தில் இருக்க முடிவதற்கு இது பெரிய காரணம். 43 வயதில் ரோகன் போபண்ணா 2024 ஆஸ்திரேலிய ஓபனை ஜெயித்ததைப் பார்த்தோமே. ஓட்டத்தின் தேவை குறைகிறது, அந்த இடத்தில் கண்ணும் கையும் வந்து உட்காருகின்றன.

சரி, நேரக்கணக்குக்கு வருவோம், சுவாரசியமே இங்கேதான். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும் சர்வ், காற்றாலும் தரையில் பட்டு எழும்புவதாலும் வேகம் குறைந்து, ரிட்டர்ன் எடுப்பவரிடம் போய்ச் சேர ஏறக்குறைய 0.6 நொடி ஆகும். அவர் திருப்பி அடிக்கும் பந்து மணிக்கு 100 கிலோமீட்டரில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வ் போட்டவரின் கூட்டாளி வலைக்கு இரண்டரை மீட்டர் தள்ளி நிற்கிறார் என்றால், அவருக்கும் பந்துக்கும் இடையே சுமார் 14 மீட்டர், அதாவது அரை நொடி. கண் பார்த்து உடம்பு அசைய ஆரம்பிக்கவே 0.2 நொடி போய்விடும். மிச்சமிருக்கும் 0.3 நொடியில் நின்ற இடத்திலிருந்து உடம்பை ஓர் அடி நகர்த்துவதே பாடு. இரண்டு மீட்டர் பக்கவாட்டில் பாய்ந்து அந்தப் பந்தை வாலி, அதாவது தரையில் படுமுன்பே, அடிப்பது, பந்தைப் பார்த்த பிறகு கிளம்பினால் நடக்காத காரியம்.

ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் அது நடக்கிறதே. எப்படி என்றால், பந்து மட்டையில் படுவதற்கு முன்பே அவர் கிளம்பிவிடுகிறார். எப்போது கிளம்புகிறார் என்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. ரொம்ப முன்னாலேயே கிளம்பினால் எதிராளி பார்த்துவிட்டு, காலியான பக்கம் தட்டிவிடுவார். ஆனால் அந்த எதிராளிக்கும் அதே 0.2 நொடிதான். மட்டையை வீசத் தொடங்கிய பிறகு, பந்தைத் தொடுவதற்கு முந்தைய அந்தக் கடைசிக் கால் நொடிக்குள் அவர் எதைப் பார்த்தாலும் அடியை மாற்ற முடியாது. கை ஏற்கெனவே புறப்பட்டாகிவிட்டது. வலையோரத்து ஆள் காத்திருப்பது இந்தக் கண்மூடிய இடைவெளிக்காகத்தான். அந்த நேரம் பார்த்து நகர்ந்தால், ரிட்டர்ன் அடித்தவர் நிமிர்ந்து பார்க்கும்போது பந்தின் வழியில் ஒரு மட்டை நிற்கும். மெலோவின் உயரம் 203 சென்டிமீட்டர், அவரை ஒட்டகச்சிவிங்கி என்றே செல்லமாகக் கூப்பிடுவார்கள். குபோட் 191. இவர்கள் ஒரு எட்டு வைத்துக் கையை நீட்டினாலே கோர்ட்டின் பாதி அடைபட்டுவிடும்.

இதை இன்னும் கூர்மையாக்கியதுதான் 'ஐ' ஃபார்மேஷன். சர்வ் போடுபவர் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பார், கூட்டாளி அதே கோட்டில் வலைக்கு முன்னால், தலைக்கு மேலே சர்வ் போகும் அளவுக்குக் கிட்டத்தட்ட தரையோடு தரையாகக் குந்தியிருப்பார். சர்வ் போனதும் அவர் இடப்பக்கமா வலப்பக்கமா என்று ரிட்டர்ன் எடுப்பவருக்குத் தெரியாது. சர்வ் போடுபவருக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் குந்தியிருப்பவர் முதுகுக்குப் பின்னால் விரலால் முன்கூட்டியே காட்டியாயிற்று. டிவியில் பாருங்கள், ஒவ்வொரு பாயிண்டுக்கும் நடுவில் இருவரும் பந்தை வாய்க்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு ஏதோ குசுகுசுவென்று பேசுவார்கள். சர்வ் எந்த மூலைக்கு, நீ எந்தப் பக்கம் என்ற முடிவு அது. சர்வை நடுக்கோட்டை ஒட்டிப் போட்டால் ரிட்டர்ன் எடுப்பவரால் பெரிய கோணம் உண்டாக்க முடியாது, வரக்கூடிய பந்தின் பாதைகள் குறுகிவிடும், குந்தியிருப்பவரின் ஊகம் பலிக்கும் வாய்ப்பு கூடும். பந்தின் வேகத்தைவிட இந்தக் கூட்டுக்கணக்கு எனக்குப் பெரிய அழகாகத் தெரிகிறது.

ஜோடிப் பொருத்தம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதும் இதனால்தான். குபோட் 2014 ஆஸ்திரேலிய ஓபனை ஸ்வீடனின் ராபர்ட் லின்ட்ஸ்டெட்டுடன் ஜெயித்தார், இறுதியில் 6-3, 6-3. போலந்துக்காரர் ஒருவர் ஆண்கள் இரட்டையரில் கிராண்ட்ஸ்லாம் தொட்டது, 1978-இல் வோய்செக் ஃபிபாக்குக்குப் பிறகு அதுதான். மெலோவுடன் 2015, 2016 இரண்டு ஆண்டும் வியன்னாவில் பட்டம் வென்று பார்த்துவிட்டு, 2017-இல் முழுநேர ஜோடியானார். அந்தக் கோடையில் நெதர்லாந்தின் ஹெர்டோகன்போஷ், ஜெர்மனியின் ஹாலே, விம்பிள்டன் என்று புல்தரையில் ஆடிய மூன்றையும் இந்த ஜோடி தட்டிக்கொண்டு போனது. புல்லில் பந்து தாழ்வாக வழுக்கிக்கொண்டு வரும், ரிட்டர்ன் எடுப்பவருக்கு நேரம் இன்னும் குறையும், வலையோரம் வாழ்பவர்களுக்கு அதைவிட நல்ல தரை கிடையாது.

குபோட்டுக்குப் புல் பிடிக்கும் என்பது முன்பே தெரிந்ததுதான். 2013 விம்பிள்டன் ஒற்றையரில், தரவரிசையில் நூறுக்கும் வெளியே இருந்த நிலையில், நான்காம் சுற்றில் அட்ரியன் மன்னரினோவை ஐந்து செட்டில் வென்று, கோர்ட்டிலேயே காலை உயர உயர வீசி கான்-கான் ஆடினார். காலிறுதியில் எதிரே நின்றவரும் போலந்துக்காரர், ஜெர்சி யானோவிச். அவரிடம் குபோட் தோற்ற பிறகு இருவரும் சட்டையை மாற்றிக்கொண்டு கட்டிப்பிடித்த காட்சி எனக்கு இன்னமும் கண்ணில் நிற்கிறது.

மறுபடி அந்த 11-11-க்கு வருகிறேன். அப்போது விம்பிள்டனில் கடைசி செட்டுக்கு டைபிரேக் (சமநிலையில் நிற்கும் செட்டை முடித்துவைக்கும் ஒற்றை கேம்) கிடையாது, இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை ஆட வேண்டும். சர்வ் போடும் ஜோடி ஒவ்வொரு பாயிண்டையும் ஜெயிக்கும் வாய்ப்பு 70% என்று வைத்துக் கணக்குப் போட்டால், கேமை ஜெயிக்கும் வாய்ப்பு 90% ஆகிறது. இரண்டு ஜோடிக்கும் இதே பலம் என்றால், 6-6-இல் இருக்கும் ஆட்டம் 11-11 வரை இழுத்துக்கொண்டு போவதற்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வாய்ப்பு இருக்கிறது. ஆகவே அந்த நீண்ட செட் அதிசயம் இல்லை, சம பலத்தின் நேரடி விளைவு. ஆட்டம் நீளுவதைக் குறைக்கத்தான் ஆண்கள் தொழில்முறைச் சங்கமான ஏடிபியின் வழக்கமான போட்டிகளில் 40-40 ஆனதும், இரண்டு பாயிண்ட் முன்னிலைக்குக் காத்திராமல், ஒரே பாயிண்டில் கேமை முடிக்கும் விதியைக் கொண்டுவந்தார்கள், ரிட்டர்ன் எடுக்கும் ஜோடி எந்தப் பக்கத்தில் வாங்குவது என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அதே 70%-ஐ இந்த விதியில் போட்டுப் பார்த்தால் கேமை ஜெயிக்கும் வாய்ப்பு 87% ஆக இறங்கும். மூன்று சதவீதம்தானே என்று தோன்றும், ஆனால் சர்வை உடைக்கும், அதாவது சர்வ் போடும் ஜோடியின் கேமைப் பறிக்கும், வாய்ப்பு 10-இலிருந்து 13-ஆக ஏறுகிறது, கிட்டத்தட்ட கால் பங்கு அதிகம்.

விம்பிள்டனும் மாறிவிட்டது. 2019-இல் கடைசி செட்டுக்கு 12-12-இல் டைபிரேக் வந்தது, 2022-இல் அது 6-6-க்கு இறங்கியது, 2023-இலிருந்து ஆண்கள் இரட்டையரே மூன்று செட்தான். 13-11 என்று ஒரு கடைசி செட், 70 கேம், நடுவில் கூரை மூடும்வரை நீளும் ஓர் இரட்டையர் இறுதி என்பதெல்லாம் இனி அங்கே வராது.