வித்தியாசத்தைத் திருப்பித் தருகிறோம், நிபந்தனைகளுக்கு உட்பட்டு

"இதே பொருள் வேறு எங்காவது குறைந்த விலைக்குக் கிடைத்தால், வித்தியாசத்தைத் திருப்பித் தருகிறோம்." கடை வாசலில் ஆளுயர எழுத்தில் இப்படி ஒரு பலகை. கடைசிச் சொல்லின் தலைமாட்டில் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி. பலகையின் அடி ஓரத்தில், எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி, அந்தக் குறிக்கான விளக்கம். பிரைஸ் மேட்ச் என்று வணிகர்கள் சொல்லும் விலை உத்தரவாதம் இதுதான். இவ்வளவு துணிந்து சொல்கிறார்கள் என்றால் விலை இங்கேதான் குறைவாக இருக்கும், இனி நாலு கடை ஏறி இறங்க வேண்டியதில்லை என்று வாடிக்கையாளர் முடிவு கட்டிக்கொண்டு உள்ளே போகிறார்.

அதே பலகையை இன்னொருவரும் படிக்கிறார்: எதிர்க் கடைக்காரர். "நீ விலையைக் குறைத்துப் பார், அடுத்த நொடி நானும் குறைப்பேன்" என்றுதான் அவருக்கு அது புரிகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டே கடைகள், ஒரே பொருள். கொள்முதல் விலை 70, இருவரும் விற்பது 100க்கு. உத்தரவாதம் எதுவும் இல்லாதபோது, ஒருவர் விலையை 95 ஆக்கினால் மற்றவரின் வாடிக்கையாளர்கள் இவர் பக்கம் வந்துவிடுவார்கள். ஒன்றுக்கு 30 கிடைத்த இடத்தில் இப்போது 25தான். ஆனால் விற்பனை இரட்டிப்பு. குறைக்கத் தோன்றத்தானே செய்யும்? மற்றவரும் அதே கணக்கைப் போடுவார், 92 என்பார். இப்படி இறங்கி இறங்கி விலை கொள்முதலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

இப்போது இருவரும் பலகை மாட்டிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 95 என்கிறார். மற்ற கடையின் வாடிக்கையாளர் இடத்தைவிட்டு நகரவே இல்லை, அங்கேயே 95க்கு வாங்கிக்கொண்டு போகிறார். விலையைக் குறைத்தவருக்குப் புது ஆள் ஒருவரும் வரவில்லை, ஒவ்வொரு விற்பனையிலும் 5 போனதுதான் மிச்சம். அடுத்த தடவை அவர் ஏன் குறைக்கப் போகிறார்? இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆனாலும் விலை 100இலேயே உட்கார்ந்திருக்கிறது.

அமெரிக்கப் பொருளியலாளர் ஸ்டீவன் சாலப் 1986இல் இந்த வாதத்தை முறையாக முன்வைத்தார். 1997இல் ஆரன் எட்லின் ஹார்வர்டு சட்ட இதழில் எழுதிய கட்டுரை, போட்டிச் சட்டத்தால் இதைத் தொட முடியுமா என்றே கேட்டது. கேள்வி நியாயமானது. மூடிய அறையில் கூடி விலை பேசினால் அது குற்றம். அப்படிப் பேசிய கூட்டணிகள்கூட நீடிப்பதில்லை, ஏனென்றால் கூட்டாளி திருட்டுத்தனமாக விலையைக் குறைத்தால் கண்டுபிடிப்பது பெரும்பாடு. இங்கே அந்தத் தலைவலியே கிடையாது. போட்டியாளரின் விளம்பரத்தை வாடிக்கையாளரே கத்தரித்துக் கொண்டுவந்து நீட்டுகிறார். சம்பளம் வாங்காத உளவாளி!

சரி, பொடி எழுத்துக்கு வருவோம். முதல் நிபந்தனை எப்போதும் "அதே பொருள்" என்பதுதான். பிராண்ட், மாடல் எண், அளவு, நிறம் எல்லாம் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். கேட்பதற்கு நியாயம்தான். ஆனால் மாடல் எண் வானத்திலிருந்து விழுவதில்லை, தயாரிப்பாளர் வைப்பது. மெத்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரே மாதிரி ஸ்பிரிங், ஒரே மாதிரி நுரைத் தட்டு. மேலே தைத்த துணியும் பெயரும் மட்டும் கடைக்குக் கடை வேறு. தொலைக்காட்சிப் பெட்டியிலும் இது உண்டு: எண்ணின் கடைசியில் ஓர் எழுத்து மாறியிருக்கும், அந்த எண் ஒரே ஒரு விற்பனைச் சங்கிலிக்கு மட்டுமே போகும். உலகத்திலேயே அந்த மாடல் அந்தக் கடையில்தான் இருக்கிறது என்றால், யாருடைய விலையோடு ஒப்பிடுவது? உத்தரவாதம் உயிரோடுதான் இருக்கிறது, அதைப் பயன்படுத்தத்தான் வழியில்லை.

பெர்கன், தத்தா, ஷூகன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1996இல் இந்த வழக்கத்தைத் தனியாக ஆராய்ந்தார்கள். ஒரு பிராண்ட் எவ்வளவுக்கு எவ்வளவு இப்படி வேஷம் மாற்றி வருகிறதோ, அவ்வளவுக்குக் கடைகள் அதை எடுத்து விற்க ஆர்வம் காட்டின, கூடுதல் சேவையும் கொடுத்தன. கடைக்காரர் பக்கம் நின்று பார்த்தால் காரணம் விளங்கும்: அவர் மெனக்கெட்டு விளக்கிச் சொல்லி, வாடிக்கையாளர் அதைக் கேட்டுவிட்டுப் பக்கத்துக் கடையில் போய் வாங்கும் தொல்லை குறைகிறது. முழுக்க முழுக்கச் சதி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விலை உத்தரவாதத்தின் பல் பிடுங்கப்படுவதும் இங்கேதான்.

அடுத்தது, "போட்டியாளர்" யார் என்பது. பிரிட்டனின் ஜான் லூயிஸ் நிறுவனம் 1925 முதல், தெரிந்தே ஒருபோதும் பிறரைவிடக் கூடுதல் விலைக்கு விற்க மாட்டோம் என்ற வாக்கைக் கொடுத்துவந்தது. இணையத்தில் மட்டுமே விற்பவர்களை அந்த வாக்கு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மக்கள் இணையத்துக்கு நகர நகர, வாக்குக்கும் சந்தைக்கும் உறவு அறுந்துகொண்டே வந்தது. 2022இல் அதை நிறுத்திக்கொண்டார்கள். 2024 செப்டம்பரில் மறுபடி கொண்டுவந்தபோது 25 போட்டியாளர்களின் பட்டியல் இருந்தது, விலையைக் கண்காணிக்கச் செயற்கை நுண்ணறிவும் இருந்தது. பிறகு இந்தச் செய்திக்குத் திரும்பி வருகிறேன்.

மற்ற நிபந்தனைகள் பழகியவைதான். எதிர்க் கடையில் சரக்கு கையிருப்பில் இருக்க வேண்டும். இருப்பைத் தீர்க்கும் விற்பனை, பழுதுபார்த்து விற்பவை, வெளியார் கடை விரிக்கும் இணையச் சந்தை விலைகள் சேராது. பெரிய தள்ளுபடி நாட்களில் உத்தரவாதமே விடுப்பில் போய்விடும். கூப்பன், உறுப்பினர் அட்டைச் சலுகை, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் இவையும் கணக்கில் வராது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அறிவித்த விலையை மட்டும்தான் ஈடுகட்டுவோம் என்று ஒரு கடை சொன்னால், எதிர்க் கடைக்காரர் அறிவித்த விலையைத் தொடாமல் கூப்பனில் குறைத்துக்கொள்ளலாம். உத்தரவாதத்தை விழிக்கவிடாமல் அதன் காலடியிலேயே நடந்துபோகிற வழி அது.

ஆதாரம் காட்டுவது தனிக் கதை. 2007இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில அட்டர்னி ஜெனரல், மின்னணுப் பொருள் விற்கும் பெஸ்ட் பை நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார். கடையின் கணினித் திரையில் தெரிந்த தளம், நிறுவனத்தின் பொது இணையதளம் போலவே இருந்தாலும் உண்மையில் கடைக்குள் மட்டுமே தெரியும் உள்வலைத் தளம் என்பதும், வீட்டில் பார்த்துவிட்டு வந்த குறைந்த விலை அதில் கூடுதலாகத் தெரிந்தது என்பதும்தான் குற்றச்சாட்டு. நல்ல வேளை, இன்று எல்லோர் பையிலும் ஒரு திரை இருக்கிறது.

இவ்வளவு தடைகளையும் தாண்டி வித்தியாசத்தைக் கேட்டு வாங்குவது கொஞ்சம் பேர்தான். கடைக்கு அதுவும் ஆதாயம். இவான் பிங், டேவிட் ஹிர்ஷ்லைஃபர் இருவரும் 1987இல் காட்டியது இது: நாலு இடம் விசாரித்து வருபவரை உள்ளூர்க்காரராகவும், விசாரிக்காமல் வாங்குபவரைச் சுற்றுலாப் பயணியாகவும் நினைத்துக்கொண்டால், இரண்டு பேருக்கும் இரண்டு விலை வைக்க உத்தரவாதம் ஒரு வசதியான கருவி. யார் எந்த ரகம் என்று கடைக்காரர் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கேட்கிறவர் தானே கேட்டுக்கொள்வார், கேட்காதவர் பலகையில் உள்ள முழு விலையைக் கொடுத்துவிட்டுப் போவார்.

இதுவரை வந்த கதையில் பொடி எழுத்துத்தான் வில்லன். இனிதான் எனக்குப் பிடித்த இடம்.

1999இல் மோர்ட்டன் ஹ்விட், கிரெக் ஷாஃபர் என்ற இருவர் சாலப்பின் கணக்கில் ஒரே ஒரு சிறு விஷயத்தைச் சேர்த்தார்கள்: அலைச்சல். வித்தியாசத்தைக் கேட்டு வாங்க விளம்பரம் தேட வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், மேலாளரைக் கூப்பிட வேண்டும். அந்தத் தொல்லையின் மதிப்பு 2 என்று வையுங்கள். எதிரெதிரே இரண்டு கடைகள், இரண்டும் 100. ஒருவர் 99 ஆக்குகிறார். மற்ற கடையில் நின்று 1ஐத் திரும்பப் பெற 2க்கு அலைய யார் தயார்? வாடிக்கையாளர் தெருவைத் தாண்டி 99க்கு வாங்கிவிடுகிறார். அதாவது, கொஞ்சமாகக் குறைத்தால் ஆள் பிடிக்கலாம் என்ற பழைய ஆசை திரும்ப வந்துவிட்டது. மற்றவர் 98 என்பார், இவர் 97. உத்தரவாதம் கட்டிவைத்த விலை மறுபடி சரிய ஆரம்பிக்கிறது. ஆய்வுக்கூடத்தில் மாணவர்களைக் கடைக்காரர்களாக்கி விளையாடவிட்ட சோதனைகளிலும் இதே சாயல்: அலைச்சல் இல்லாத உத்தரவாதம் விலையை மேலே கொண்டுபோய் நிறுத்தியது, அலைச்சலைச் சேர்த்ததும் அந்தப் பிடி தளர்ந்தது.

நம்மை எரிச்சலூட்டும் அதே பொடி எழுத்துத்தான் போட்டியை உயிரோடு வைத்திருக்கிறது என்று இதற்கு அர்த்தம். தனிப்பட்ட வாடிக்கையாளருக்கு அது முள். சந்தைக்கு அது வேலி.

நிஜக் கடைகளில் என்ன நடக்கிறது? பதில் ஒரே மாதிரி இல்லை. அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் சூப்பர் மார்க்கெட் விலைகளைத் தொடர்ந்து கவனித்து ஹெஸ், கெர்ஸ்ட்னர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், உத்தரவாதம் வந்த பிறகு கடைகளுக்கு இடையிலான விலை வேறுபாடு சுருங்கியது, பொது விலைமட்டம் சற்று ஏறியது. மறுபக்கம், கனடாவின் சில்லறைக் கடைகளை ஆராய்ந்த மூர்த்தி, விண்டர் இருவரும் 2006இல் வேறு முடிவுக்கு வந்தார்கள்: செலவு குறைவாக உள்ள கடைகளே, தங்கள் விலை உண்மையிலேயே குறைவு என்று தெரிவிக்க உத்தரவாதத்தைப் பயன்படுத்துகின்றன. அப்படியானால் நம் வாடிக்கையாளரின் முதல் எண்ணம் முழுத் தவறில்லை. சிக்கல் என்னவென்றால், நல்ல நோக்கத்தில் மாட்டிய பலகையும் கெட்ட நோக்கத்தில் மாட்டியதும் பார்க்க ஒன்று போலவே இருக்கும்.

இதன் உறவுக்காரர் ஒருவரையும் சொல்லிவிட வேண்டும். "வாங்கிய பின் 30 நாளில் எங்கள் விலையே குறைந்தால் அந்த வித்தியாசமும் உங்களுக்கு" என்பார்கள். இது கடைக்காரர் தன் கையையே கட்டிக்கொள்வது. அமெரிக்காவில் மின் நிலைய டர்பைன் தயாரித்த ஜெனரல் எலெக்ட்ரிக் 1963இல் இதைப் பெரிய அளவில் செய்தது: விலையைக் குறைத்தால் முந்தைய ஆறு மாதங்களில் வாங்கிய எல்லோருக்கும் அதே குறைப்பைத் திருப்பித் தருவோம் என்றது. போட்டியாளர் வெஸ்டிங்ஹவுஸும் அதே வழிக்கு வந்தது. ஒருவருக்கு விலையைக் குறைத்தால் பழையவர்கள் அத்தனை பேருக்கும் காசு கொடுக்க வேண்டும் என்றான பிறகு யார் குறைப்பார்? இரு நிறுவனங்களின் விலையும் பல ஆண்டுகள் ஒட்டிப் பிறந்தவை போல நின்றன. அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் தலையிட்டு, 1976இல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது.

இப்போது அலைச்சலுக்குத் திரும்புவோம், ஏனென்றால் அது கரைந்துகொண்டிருக்கிறது. வால்மார்ட் 2014இல் ஒரு செயலி வசதியைக் கொண்டுவந்தது. ரசீதை ஸ்கேன் செய்தால் போதும், போட்டியாளர் விலைகளை அதுவே தேடிப் பார்த்து வித்தியாசத்தைப் பரிசு அட்டையில் வரவு வைக்கும். 2019இல் அதை நிறுத்திவிட்டார்கள். ஜெர்மனியில் 2013 முதல் பெட்ரோல் நிலையங்கள் ஒவ்வொரு விலை மாற்றத்தையும் அரசு அமைப்பு ஒன்றுக்கு உடனுக்குடன் தெரிவிக்க வேண்டும். 2015இல் ஷெல் எண்ணெய் நிறுவனம் அங்கே தன் அட்டைதாரர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தது: சுற்றுவட்டாரத்தில் மிக மலிவாக விற்பவரைவிட லிட்டருக்கு 2 சென்டுக்கு மேல் கூடுதலாக வாங்க மாட்டோம். விளம்பரம் கத்தரிக்க வேண்டாம், மேலாளரைக் கூப்பிட வேண்டாம். அட்டையை நீட்டினால் கணினி பார்த்துக்கொள்ளும். மலிவு விலை நிலையக்காரருக்கோ, தான் விலையைக் குறைத்த அடுத்த கணம் ஷெல்லும் இறங்கிவிடும் என்று தெரியும். அந்த விலைத் தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர் லூயிஸ் காப்ராலும் சகாக்களும் போட்டி தளர்ந்ததற்கான தடயங்களைக் கண்டார்கள்.

ஜான் லூயிஸின் 25 போட்டியாளர் பட்டியலை நான் யோசிப்பது இந்த இடத்தில்தான். இயந்திரமே பார்த்து, இயந்திரமே குறைத்துவிடும் என்றால் வாடிக்கையாளர் கேட்கக்கூட வேண்டாம். அந்த 25 பேரில் ஒருவராக உட்கார்ந்து, நாளைக்கு விலையை 5 குறைக்கலாமா என்று யோசித்துப் பாருங்கள்.