‘லிஸ்டிங்கில் புறாமாடத்தின் பெயரே இல்லையே!’

லிஸ்டிங் என்றால் இங்கிலாந்தில் சட்டம் பாதுகாக்கும் பழங்கட்டடங்களின் அரசுப் பட்டியல். அதைக் காட்டிச் சொல்லும் இந்தப் பேச்சைப் போன மாதம் இன்னொருமுறை கேட்டேன். காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் ஒரு பழைய எஸ்டேட் வீட்டை வாங்கியவர், “புறாமாடத்தைக் கொஞ்சம் சரிசெய்தோம், வந்து பாருங்கள்” என்று கூப்பிட்டார். கதவைத் திறந்தால் வெள்ளைச் சுவர், ஒரு மேசை, வைஃபை பெட்டி. சுவரெங்கும் இருந்த நூற்றுக்கணக்கான பொந்துகளைச் சிமெண்ட் வைத்து அடைத்துப் பூசியிருந்தார்கள். நடுவே சுழலும் மரத்தூண் ஒன்று இருந்திருக்கிறது. அதன் கைகளில் ஏணி கட்டியிருக்கும். குஞ்சு எடுக்கிறவர் இறங்காமலே மாடம் முழுக்கச் சுற்றிவரலாம். அது வெளியே விறகாகக் கிடந்தது.

“அனுமதி வாங்கினீர்களா?”

“எதற்கு? லிஸ்டிங்கில் வீட்டின் பெயர் மட்டும்தானே இருக்கிறது?”

இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சரி, கடைசியாக ஒருமுறை பொறுமையாகச் சொல்கிறேன். இங்கிலாந்தின் 1990 சட்டப்படி, லிஸ்ட் ஆன வீட்டின் வளாகத்துக்குள் 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே நிலத்தோடு நிற்கும் எந்தக் கட்டுமானமும் பொதுவாக அந்த வீட்டின் பகுதியாகவே கருதப்படும். பெயர் எழுதியிருக்க வேண்டியதில்லை. லாயம், வண்டிக்கொட்டகை, பீர் காய்ச்சிய அறை, துணி வெளுத்த அறை, காய்கறித் தோட்டத்து மதில், பனிக்கட்டி சேமித்த ஐஸ் ஹவுஸ், எல்லாமே அடக்கம். பழைய லிஸ்டிங் குறிப்புகள் பல, இது எந்த வீடு என்று அடையாளம் காட்ட எழுதிய சில வரிகள்தான். அதில் இல்லாததெல்லாம் இடிக்கலாம் என்று யார் சொல்லித் தந்தார்களோ! “கிரேடு டூ (பட்டியலின் ஒரு தரம்) என்றால் வெளிப்பக்கம் மட்டும்” என்பதும் தப்பு. உள்ளேயும் சேர்த்துத்தான்.

வளாகம் எதுவரை என்பதில் மட்டும் வழக்கு வரலாம். கட்டடங்கள் அமைந்த விதம், அன்றும் இன்றும் யார் கையில், எதற்குப் பயன்பட்டது என்று மூன்றையும் பார்ப்பார்கள். தூரத்து வயலில் நிற்கும் களஞ்சியம் விடுபட்டுப் போகலாம். அதை உங்கள் கொத்தனார் தீர்மானிக்கக் கூடாது. கவுன்சிலின் பழங்கட்டட அதிகாரியைக் கேளுங்கள்.

அனுமதியில்லாமல் மாற்றியது நிரூபணமானால் 2 ஆண்டு வரை சிறை, உச்சவரம்பில்லாத அபராதம். பழையபடி ஆக்கு என்று நோட்டீஸ் கொடுக்கக் காலக்கெடு கிடையாது. முந்தைய உரிமையாளர் செய்த வேலைக்கும் அந்த நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். வாங்குமுன் பாருங்கள், தயவுசெய்து.

புறாமாடத்தில் எனக்கு இத்தனை ஆற்றாமை ஏன்? இடைக்காலத்தில் புறா வளர்ப்பது மேனர் பிரபுக்களின், அதாவது பெருநில உரிமையாளர்களின், சலுகை. பெட்ஃபோர்டுஷயரின் வில்லிங்டனில், 16-ஆம் நூற்றாண்டு மாடம் ஒன்றில் சுமார் 1,500 பொந்துகள் இன்றும் இருக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டில் பழுப்பு எலி வந்து சேர்ந்த பிறகு, பல மாடங்களில் கீழ்வரிசைப் பொந்துகளை மட்டும் அடைத்தார்கள். நான் பார்த்த மாடத்திலும் கீழே அப்படிப் பழைய அடைப்பு. கொத்தனார் அதைக் காட்டி, “அவர்களே அடைத்திருக்கிறார்களே, மீதியை நான் முடித்தேன்” என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மற்றவை சுருக்கமாக. பழைய செங்கல், கல் இணைப்புகளில் சிமெண்ட் வேண்டாம், சுண்ணாம்புக் காரைதான். களஞ்சியத்து ஓக் உத்தரங்களைச் சுத்தம் செய்ய மணலை வேகமாகப் பீய்ச்சும் மணல்வீச்சு வேண்டவே வேண்டாம். தச்சர்கள் எந்த மரம் எதோடு சேரும் என்று செதுக்கிய ரோமன் எண்கள் அரைமணி நேரத்தில் போய்விடும். ஐஸ் ஹவுஸின் அடியில் இருக்கும் ஓட்டை உருகிய நீர் போவதற்கு. அதைக் கான்கிரீட்டால் மூடிவிட்டு “ஈரம் ஏறுகிறது” என்று என்னைக் கூப்பிடாதீர்கள். உள்ளே வௌவால் இருந்தால் வேலையை அப்படியே நிறுத்துங்கள், அதற்குத் தனிச் சட்டம்.

அப்புறம், தோட்டக்காரர்களின் அறை, கழிப்பறை எதற்கும் வெள்ளையடிக்கும் முன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கார்ன்வாலின் ஹெலிகன் தோட்டத்தில் அப்படியொரு கழிப்பறைச் சுவரில்தான் தோட்டக்காரர்களின் பென்சில் கையெழுத்துகள் கிடைத்தன. தேதி 1914 ஆகஸ்ட். அவர்களில் பலர் போரிலிருந்து திரும்பவில்லை.

புறாமாடத்தில் கவுன்சில் அதிகாரியின் முன்னால் ஒரே ஒரு பொந்தை உளியால் திறந்து பார்த்தோம். சிமெண்டோடு கல்லின் முகமும் பெயர்ந்து வந்தது. மீதிப் பொந்துகளை என்ன செய்வதென்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.