டூ ஐட் சீயிங்: தமிழ்ல எப்படி சொல்றது?

பழங்குடி பசங்க சயின்ஸ் படிக்கிறத பத்தி பேச்சு வந்தாலே “டூ ஐட் சீயிங்” (Two-Eyed Seeing)னு ஒரு வார்த்தையும் கூடவே வந்துடுது. இத “இரட்டைப் பார்வை”ன்னு போட்டா தப்பு, ஏன்னா அது ஒரு நிலா ரெண்டா தெரியுற வியாதி, கண் டாக்டர் சமாச்சாரம்.

சொல் பொறந்தது கனடாவுல, நோவா ஸ்கோஷியா பக்கம். மிக்மாக் பழங்குடி பெரியவர் ஆல்பர்ட் மார்ஷல் 2004ல கொண்டுவந்தாரு, அவங்க மொழியில எடுவாப்ட்மும்க். மிக்மாக் பசங்க சயின்ஸ் பக்கமே அதிகம் வரலன்னு அவரு, அவர் மனைவி முர்தீனா, பயாலஜி புரொபசர் ஷெரில் பார்ட்லெட் எல்லாம் சேர்ந்து கேப் பிரெட்டன் யுனிவர்சிட்டில பண்ண வேலையில இருந்து வந்தது இது. ஒரு கண்ணால முன்னோர் அறிவோட பலத்த பாரு, இன்னொரு கண்ணால மேற்கத்திய அறிவோட பலத்த பாரு, ரெண்டையும் சேத்து எல்லாருக்கும் ஆகுற மாதிரி பயன்படுத்து, அவ்ளோதான் அர்த்தம்.

நம்ம பக்கம் நடக்குறது வேற. சித்தேரி மலைல இருந்து அரூர் வந்து பாட்டனி படிக்கிற பொண்ணு ஒன்னு (மலையாளி பழங்குடி, ஆனா கேரளா இல்ல, மலைல வாழ்றவங்கன்னு வந்த பேரு), அது பாட்டி தொவரை விதைய செம்மண்ணு கரைச்சு பெசஞ்சு காயவச்சுதான் பானைல கொட்டும், செருப்போட கிட்ட விடாது, விதை சாமின்னும். மண்ணு பூசுனா பயறு வண்டு விதைத் தோல்ல முட்டை வைக்க முடியாதுன்னு இந்த பொண்ணு ரெக்கார்டு நோட்டுல எழுதுச்சு, டிக் விழுந்துச்சு. சாமிய எழுதல, எழுதுனா சிரிப்பாங்கன்னு.

லேப் ஒத்துக்கிட்டத மட்டும் எடுத்துக்கிட்டா அது ஒத்தக்கண்ணுதாங்க. ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்புன்னு நம்மாளுங்க சொல்றது இதத்தான். செருப்ப வெளிய விட்டுட்டு விதைகிட்ட போறவங்க அத அலட்சியமா கொட்டி வீணாக்க மாட்டாங்க, அந்த பழக்கமும் விதைய காப்பாத்துற அறிவுதானே?

கட்டுரைல எழுதணும்னா “இருகண் நோக்கு”ன்னு போடுங்க. எண்ணும் எழுத்தும் கண்ணுன்னு வள்ளுவர் சொன்ன ஊரு இது, யாருக்கும் வெளக்க வேண்டியதில்ல. பேச்சுல “ரெண்டு கண்ணாலயும் பாரு” போதும், பாட்டிக்கே புரியும்.