வரிச்சிட்டையா, கோட்டுப் பொறிப்பா?

போன மாதம் ஒரு வரைபட மென்பொருளின் தமிழாக்கத்தைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு கோப்பு வந்தது. அதில் மூன்று இடங்களில் 'வரிச்சிட்டை' என்று இருந்தது. வரைபடத்தில் வரி ரசீதுக்கு என்ன வேலை என்று கொஞ்ச நேரம் விழித்தேன். மூலத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது: லைன் லேபிள். ஆறு, சாலை, ரயில் பாதை என்று நீளவாக்கில் ஓடுகிறவற்றின் பெயரை அவற்றின் போக்கிலேயே எழுதுவது. இதே சொல்லை முன்பும் இரண்டு தமிழாக்கங்களில் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். இனி முடியாது.

லேபிள் என்பது பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். முதலில் தொங்கும் துணிக்கீற்று, பிறகு ஆவணத்தில் கட்டிய துண்டு, அப்புறம் மருந்துப் புட்டியில் ஒட்டும் தாள். வேர் அவ்வளவுதான்.

சிட்டை என்பதோ கடைக்காரர் பேரேட்டில் ஏற்றுவதற்கு முன் அன்றாட வரவுசெலவைக் குறித்துவைக்கும் கணக்கு. சீட்டு என்று நினைத்துச் சிட்டை என்று எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது. சீட்டு என்றால் புட்டிக்காவது பொருந்தும். காவிரியில் எந்தச் சீட்டை ஒட்டுவது?

அதைவிடப் பெரிய தொல்லை 'வரி'. அது நல்ல தமிழ்ச் சொல் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. வரிக்குதிரை இருக்கிறது, புலியின் மேல் வரி இருக்கிறது. ஆனால் புவியியலில் லைன் என்பதற்கு நாம் பள்ளியிலேயே சொல் வாங்கிவிட்டோம். அட்சக்கோடு, தீர்க்கக்கோடு, சம உயரக்கோடு. இலங்கைப் பாடநூல்களில் அகலக்கோடு, நெடுங்கோடு. எங்கும் கோடுதான். வரிக்கு எழுத்துவரிசை என்ற வேலையும் உண்டு. நீளமான ஊர்ப்பெயரை இரண்டு வரியாக மடித்து எழுதும் வசதியும் அதே மென்பொருளில் இருக்கிறது. அதை 'பல வரிச் சிட்டை' என்று பெயர்த்திருந்தார்கள். வரிச்சிட்டை ஒன்று, பல வரிச் சிட்டை ஒன்று. எது ஆறு, எது மடிப்பு என்று பயனர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இன்னோர் இடத்தில் ஆறும் சாலையும் 'வரி அம்சங்கள்' ஆகியிருந்தன. பட்ஜெட் உரை படிப்பது போல இருந்தது.

தூய தமிழ்ப் பிரியர்கள் சிலர் 'பெயரிடல்' என்கிறார்கள். கேட்க அழகுதான், பொருள்தான் தவறு. பெயரிடுவது பிள்ளைக்கு. கொள்ளிடத்துக்குப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது, தரவுத்தளத்திலும் இருக்கிறது. நாம் செய்வது அதைப் படத்தில் எங்கே, எந்தச் சாய்வில் எழுதுவது என்று முடிவு செய்வது மட்டுமே.

அந்த முடிவு சின்ன வேலை இல்லை. சுவிட்சர்லாந்தின் வரைபடவியலாளர் எடுவார்ட் இம்ஹோஃப் 1962இல் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். 1975இல் அது ஆங்கிலத்தில் வந்தது. பெயர் படிக்கும்படி இருக்க வேண்டும், எதன் பெயர் என்று ஐயமில்லாமல் தெரிய வேண்டும், பிறவற்றின் மேல் ஏறக்கூடாது என்பவை அதன் அடிப்படை. முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. தீவின் மேல் 'காவிரி' என்று எழுதினால் வடக்கே ஓடும் கொள்ளிடத்தைக் காவிரி என்று படித்துவிடலாம். தெற்கே தள்ளினால் திருச்சியின் தெருப்பெயர்களோடு மோதும். ஆகவே தன் கோட்டை நெருங்கி, அதன் வளைவோடு வளைந்து, தலைகீழாகாமல், நேராக ஓடும் துண்டு ஒன்றைப் பார்த்து எழுத வேண்டும். சுமார் 800 கிலோமீட்டர் ஓடும் ஆற்றுக்கு எழுத்துகளை இழுத்துப் பரப்பக்கூடாது. பெயரை இடைவெளி விட்டுத் திரும்ப எழுத வேண்டும்.

கோட்டுக்கு மேலே எழுதுவதே நல்லது என்று ஒரு விதி உண்டு. ரோமன் எழுத்துகளில் கீழே இறங்கும் வால்கள் குறைவு என்பதால் பெயர் கோட்டோடு ஒட்டி உட்காரும். தமிழிலோ 'ஆறு' என்ற சொல்லிலேயே வால் தொங்குகிறது. பாலாறு, பெண்ணையாறு எல்லாம் கோட்டை வெட்டும். கூடுதல் இடைவெளி தேவை. சில மென்பொருள்கள் வளைவில் எழுத்தின் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியாகத் திருப்பும்போது 'கொ'வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய்விடுகிறது. கொள்ளிடத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும். இதையெல்லாம் கவனிக்காமல் சிட்டை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

என் சொல் 'பொறிப்பு'. எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் விளிம்பின் வளைவை ஒட்டிப் பெயர் பொறித்துத் தருகிறார்களே, அதே வேலைதான் இது. ஊருக்குப் புள்ளிப் பொறிப்பு, மாவட்டத்துக்குப் பரப்புப் பொறிப்பு, ஆற்றுக்குக் கோட்டுப் பொறிப்பு. முதலில் 'கோட்டோரப் பெயர்' என்றுதான் நினைத்தேன். ஆனால் திரை வரைபடத்தில் அகலமான சாலையின் பெயர் ஓரத்தில் இருப்பதில்லை, சாலைப் பட்டைக்கு உள்ளேயே இருக்கிறது. ஆகவே ஓரத்தை விட்டேன். கல்வெட்டு வாசனை அடிக்கிறது என்றார் ஒரு நண்பர். அடிக்கட்டும், சிட்டையில் மளிகைக்கடை வாசனை அடிக்கவில்லையா?

திருத்திய கோப்பை அனுப்பினேன். நேற்று இறுதிப் பதிப்பு வந்தது. பொறிப்பு என்ற சொல்லை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். 'வரிப் பொறிப்பு'.