ஆண்டெனா: தொலைந்துபோன கொம்பு

கரப்பான்பூச்சி இடுக்கிலிருந்து முதலில் வெளியே நீட்டுவது மீசையைத்தான். வீட்டில் மீசை, பாடத்தில் ஆண்டெனா. மொட்டைமாடியில் டிவிக்காக நட்ட கம்பியைப் பார்த்துத்தான் பூச்சிக்கு இந்தப் பெயரை வைத்தார்கள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். நடந்தது தலைகீழ்.

அரிஸ்டாட்டில் இந்த உறுப்பைக் கிரேக்கத்தில் 'கெராயா' என்றார். கொம்பைக் குறிக்கும் 'கெராஸ்' அதன் வேர். ஆனால் கப்பலில் பாயைக் கட்டும் குறுக்குமரத்துக்கும் கெராயா என்றே பெயர். 15ஆம் நூற்றாண்டில் தியோடோர் காசா அவரை லத்தீனில் மொழிபெயர்த்தபோது, கொம்பை விட்டுவிட்டுக் குறுக்குமரத்தைப் பிடித்துக்கொண்டார். லத்தீனில் அதுதான் 'ஆண்டென்னா'. ரேடியோ கம்பிக்கு இந்தப் பெயர் ஒட்டியது பல நூற்றாண்டுகள் கழித்து.

தமிழில் உணர்கொம்பு. காசா தொலைத்த கொம்பு நம்மிடம் பத்திரமாக இருக்கிறது! மணம் பிடிக்கும் உறுப்பாயிற்றே, 'நுகர்கொம்பு' எனலாமா என்று யோசித்ததுண்டு. ஆனால் கொசு இதை வைத்துத்தான் கேட்கிறது, கரப்பான் தடவிப் பார்க்கிறது. 'உணர்' இருப்பதே சரி.

ஆண்டெனா என்றால் வெளியிலிருந்து வரும் அலையை வாங்கும் கம்பி என்ற நினைப்பு வேறு வந்துவிடுகிறது. மணத்தில் அலை வெளியிலிருந்து வருவதில்லை, மூளைக்குள் எழுகிறது. கொம்பு கொண்டுவரும் சேதி முதலில் போய்ச் சேரும் இடம் மூளையிலுள்ள உணர்கொம்பு மடல். வெட்டுக்கிளிக்கு அங்கிருந்து சேதியை மேலே அனுப்பும் நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், மூளையின் ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 830. மணம் பட்டதும் அவை நொடிக்கு ஏறக்குறைய 20 முறை என்ற கணக்கில் சேர்ந்து துடிப்பதை 1990களில் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் நரம்பியலாளர் ஜீல் லோரானின் குழு கண்டது. எல்லாமே எப்போதும் சேர்வதில்லை. ஒரு நியூரான் முதல் இரண்டு துடிப்பில் கலந்துகொண்டு ஒதுங்கும். இன்னொன்று மூன்றாவதில்தான் வரும். மணம் மாறினால் இந்த வரிசையும் மாறும், அடி விழும் இடம் மாறினால் மிருதங்கச் சொற்கட்டு மாறுவதுபோல. எந்த நியூரான் என்பதோடு எப்போது என்பதும் சேர்கிறது. இதைக் காலக்குறியீடு எனலாம்.

இந்தத் தாளத்தால் பூச்சிக்கு என்ன லாபம்? 1997இல் தேனீக்களுக்குப் பிக்ரோடாக்சின் என்ற நரம்பு நச்சைக் கொடுத்து, நியூரான்கள் சேர்ந்து துடிக்கும் ஒத்திசைவைக் குலைத்துப் பார்த்தார்கள். முற்றிலும் வேறான மணங்களை அவை அப்போதும் பிரித்தறிந்தன. ஒன்றுபோல் மணக்கும் இரண்டு ஆல்கஹால்களில்தான் குழம்பிப்போயின.